கவணா, வில்லா?

கி.மு. 401. இன்றைய வட இராக்கில் பெரிய சாப் ஆற்றைக் கடந்து, சுமார் 10,000 கிரேக்கக் கூலிப்படையினர் ஊர் திரும்பும் வழி தேடி நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களை அழைத்துவந்த பாரசீக இளவரசன் சைரஸ், அண்ணனின் அரியணைக்கு ஆசைப்பட்டு குனாக்ஸா போரில் மாண்டுவிட்டான். பேச்சுவார்த்தைக்குப் போன கிரேக்கத் தளபதிகளையும் பாரசீகர்கள் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். மிஞ்சியவர்களைத் துரத்தி வந்தது பெரும்படை ஒன்றுமில்லை. 200 குதிரை வீரர்கள், வில்லும் கவணும் ஏந்திய 400 பேர், அவ்வளவுதான். இந்த 600 பேரிடம் அந்த 10,000 பேர் பகல் முழுக்க அடி வாங்கினார்கள். அன்று அவர்களால் நடக்க முடிந்தது ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவு.

காரணம் எளிது. கிரேக்கர்களிடம் இருந்த கிரீட் தீவு வில்லாளிகளின் அம்பு பாரசீக அம்பளவுக்குத் தூரம் போகவில்லை. எறியீட்டிக்காரர்களின் ஈட்டியோ கவண்காரர்கள் நின்ற இடத்துக்குப் போய்ச் சேராது. கனத்த கேடயத்தோடு துரத்தி ஓடினால் எதிரி பின்வாங்குவான். திரும்பினால் மறுபடி அடிப்பான்.

அன்றிரவு செனஃபோன் என்ற ஏதென்ஸ்காரர் ஒரு யோசனை சொன்னார். நம் படையில் ரோட்ஸ் தீவினர் பலர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கவண் வீசத் தெரியும். பாரசீகர்கள் கை நிறையும் பெரிய கல்லை எறிகிறார்கள், ரோட்ஸ்காரர்கள் ஈயக் குண்டு எறிவார்கள், அது இரு மடங்கு தூரம் போகும் என்றார். கவண் வைத்திருப்பவர்களிடம் காசு கொடுத்து வாங்கினார்கள். புதிதாகப் பின்னித் தருபவருக்கும் கூலி. வீச முன்வருபவருக்கு மற்ற சில வேலைகளிலிருந்து விலக்கு. விடிவதற்குள் 200 பேர் கொண்ட கவண் படை தயார். அடுத்த நாட்களில் அதன் வீச்சு பாரசீகக் கவண்காரர்களை மட்டுமல்ல, பெரும்பாலான பாரசீக வில்லாளிகளையும் மிஞ்சியது. வழியிலிருந்த கிராமங்களில் ஈயமும் நரம்புக் கயிறும் கிடைத்ததை செனஃபோன் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார். ஒரே இரவில் ஒரு படைப்பிரிவை உருவாக்கும் செலவு என்ன என்று பார்த்தால் கொஞ்சம் கயிறு, கொஞ்சம் ஈயம். வில்லில் இது நடக்காது.

ஆனால் இந்தக் கதையில் எளிதாகக் கண்ணில் படாத ஒரு செலவு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கவண் என்றதும் கவட்டைக் குச்சியில் ரப்பர் கட்டிக் குருவி அடிக்கும் உண்டிவில் நினைவுக்கு வந்தால் அதை ஒதுக்கிவையுங்கள். அது பதப்படுத்திய ரப்பர் வந்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டில் பிறந்தது. இங்கே பேசுவது இரண்டு கயிறும் நடுவில் கல் வைக்க ஒரு மடிப்பும் கொண்ட பழைய கவண். ஒரு கயிற்றின் கண்ணியை விரலில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கயிற்றின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துச் சுழற்றி, சரியான கணத்தில் அந்த நுனியை விட்டுவிட வேண்டும். துத்தன்காமுன் கல்லறையில்கூட இப்படிப் பின்னிய கவண் கிடைத்தது. சிரியாவின் ஹமூகாரில் சுமார் கி.மு. 3500-இல் அழிந்த ஒரு நகரத்தின் இடிபாடுகளுக்குள் களிமண் கவண் உருண்டைகள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன.

கையால் எறியும்போது நம் தசை செய்யும் வேலையில் பெரும்பகுதி கல்லுக்குப் போவதில்லை. பல கிலோ எடையுள்ள கையை நகர்த்துவதிலேயே அது தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் 100 கிராம் கல்லை எறியும் வேகத்தைவிட 50 கிராம் கல்லைப் பெரிதாக ஒன்றும் வேகமாக எறிய முடிவதில்லை. கவண் இந்தக் கணக்கை மாற்றுகிறது. கையின் நீளத்தோடு கயிற்றின் நீளமும் சேர்ந்து சுழலும் ஆரத்தைக் கூட்டுகிறது. கடைசி நொடியில் கை வேகம் இழக்க, கயிற்றின் முனை முன்னால் பாய்கிறது. கையில் இருந்த ஆற்றல் கல்லுக்கு இடம் மாறுகிறது.

எவ்வளவு வேகம்? 1981-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒருவர் கவணால் ஒரு கல்லை 437 மீட்டர் தூரம் எறிந்து கின்னஸில் இடம் பிடித்தார். காற்றே இல்லாத உலகில், 45 பாகையில் எறிந்தால்கூட, அவ்வளவு தூரம் போக நொடிக்கு 65 மீட்டர் வேகம் வேண்டும். காற்றின் தடை இருப்பதால் உண்மையான வேகம் அதற்கும் மேல்தான். சாதனையாளரை விட்டுவிடுவோம். பழகிய ஒரு போர்வீரனுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு, நொடிக்கு சுமார் 45 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 கிராம் ஈயக் குண்டின் இயக்க ஆற்றல் 50 ஜூல்.

இதைக் கேட்டு ஏமாற்றம் அடைபவர்கள் இருப்பார்கள். ஸ்காட்லாந்தின் பர்ன்ஸ்வார்க் குன்றில் ரோமப்படை எறிந்த ஈயக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தபோது, கவண் குண்டு ஒரு பெரிய கைத்துப்பாக்கியின் தோட்டாவுக்கு நிகர் என்று செய்திகள் வந்தன. அந்த ஒப்பீடு எனக்கு ஒப்பவில்லை. அத்தகைய தோட்டாவின் ஆற்றல் 1,000 ஜூலுக்கு மேல். உந்தத்தைக் கணக்கிட்டாலும் தோட்டாவே முன்னால் நிற்கும். கவணைப் பெருமைப்படுத்தத் துப்பாக்கியை இழுக்கத் தேவையில்லை. நமக்குத் தெரிந்த கிரிக்கெட் பந்தே போதும். 160 கிராம் பந்து மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் சுமார் 128 ஜூல். 2014-இல் சிட்னியில் ஆஸ்திரேலிய வீரர் ஃபில் ஹியூஸ் ஹெல்மெட் அணிந்திருந்தும், கழுத்தில் பட்ட பந்தால் உயிரிழந்தார். 50 கிராம் ஈயக் குண்டிடம் அதில் பாதிக்கும் குறைவான ஆற்றல்தான். ஆனால் அதன் விட்டம் இரண்டு சென்டிமீட்டர், பந்தின் விட்டம் ஏழுக்கு மேல். அடிபடும் பரப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு ஆற்றல் என்று பார்த்தால் ஈயக் குண்டு பந்தைப்போல் ஐந்து மடங்கு. தோலும் தசையும் மூடிய மெல்லிய எலும்பின் கதியை ஊகித்துக்கொள்ளலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோம மருத்துவ நூலாசிரியர் செல்சஸ், உடலுக்குள் புதைந்த ஈயக் குண்டை எப்படி எடுப்பது என்று தனியே சொல்ல வேண்டியிருந்தது.

ஈயத்தின் இரகசியமும் இங்கேதான். 30 கிராம் எடைக்கு ஈய உருண்டையின் விட்டம் 1.7 சென்டிமீட்டர், கல்லென்றால் 2.8. காற்று எதிர்க்கும் பரப்பு கல்லுக்கு இரண்டரை மடங்குக்கு மேல். ஆகவே கல் சீக்கிரமே வேகம் இழக்கிறது, ஈயம் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு போகிறது. பாரசீகர்களின் கை நிறையும் கல்லுக்கு வேறொரு சிக்கல். எடை கூடக் கூட அதைச் சுழற்றும் வேகம் குறையும். ரோட்ஸ்காரர்களின் குண்டு இரு மடங்கு தூரம் போகும் என்று செனஃபோன் சொன்னதில் மிகை ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

மிகை வேறிடத்தில் இருக்கிறது. பறக்கும் ஈயம் காற்றில் உராய்ந்து சூடேறி உருகிவிடும் என்று பழங்காலத்தில் பலர் நம்பினார்கள். அரிஸ்டாட்டிலே பறக்கும் எறிபொருளின் ஈயம் உருகுவதைப் பற்றிப் பேசுகிறார். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் செல்லும் பொருளின் முன்னால் தடுக்கப்பட்டு நிற்கும் காற்று சூடேறுவது ஒரு பாகையை ஒட்டித்தான். ஈயம் உருக 327 பாகை செல்சியஸ் வேண்டும். உருகும் கதையை விட்டுவிட்டு, போர்க்கலை எழுதிய ஒனசாண்டர் சொன்ன இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம்: ஈயக் குண்டு காற்றின் நிறத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. அம்பு வருவதைப் பார்த்துக் கேடயத்தைத் தூக்கலாம். இரண்டு சென்டிமீட்டர் சாம்பல் நிறக் குண்டைப் பார்த்துத் தூக்க முடியாது.

அந்தக் குண்டுகள் சிலவற்றில் எழுத்து பொறித்திருந்தார்கள். கி.மு. 348-இல் மாசிடோனியாவின் பிலிப் அழித்த ஒலிந்தஸ் நகரத்தில் அவன் பெயர் பொறித்த குண்டுகள் கிடைத்தன. கிரேக்கக் குண்டுகள் சிலவற்றில் ‘பிடித்துக்கொள்’ என்ற பொருளில் ஒரே சொல். கி.மு. 41-40-இல் இத்தாலியின் பெரூசியா முற்றுகையில் இரு தரப்பும் எறிந்துகொண்ட குண்டுகளில் இருப்பவற்றை இந்தப் பக்கத்தில் அச்சிட முடியாது.

இனி வில்லோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்ப்போம். கனமான போர் வில்லின் அம்பு 100 ஜூலைத் தாண்டும். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலக் கப்பலிலிருந்து எடுத்த நெடுவிற்களை இழுக்க 45 கிலோவுக்கு மேல் விசை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய கிரேக்க வில் அவ்வளவு வலியது இல்லை. ஆக, ஆற்றலில் கவணும் சாதாரண வில்லும் ஏறத்தாழ ஒரே தட்டு. வேறுபாடு அது எப்படிச் செலவாகிறது என்பதில். அம்பு தன் ஆற்றல் முழுவதையும் ஓர் இரும்பு முனையில் குவித்துத் துளைக்கிறது. குண்டு நசுக்குகிறது. கவசம் அணிந்தவன்மேல் படும் கல், உடலைக் கிழிக்காமலே, இரத்தம் சிந்தாமலே ஆளைக் கொல்லும், அம்பைவிட அதுவே ஆபத்து என்று ரோமப் போர்க்கலை ஆசிரியர் வெஜிஷியஸ் எழுதினார். துளைப்பதற்கு எதிராகச் செய்த கவசம் அடிக்கு எதிராக அவ்வளவு உதவாது. 1367-இல் ஸ்பெயினின் நாஹெராவில் நடந்த போரில்கூட கஸ்தீலியக் கவண்காரர்கள் தலைக்கவசங்களை உடைத்ததை வரலாறு எழுதிய ஃப்ருவாசார் பதிவு செய்கிறார். ஈட்டியைச் சேர்த்துக்கொண்டால், ஒரு கிலோவை நெருங்கும் அது எல்லாவற்றையும்விட பலமாக இடிக்கும். ஆனால் அது இருபது முப்பது மீட்டர் ஆயுதம். ஒரு ஆள் இரண்டு மூன்றுக்கு மேல் சுமக்கவும் முடியாது.

கவண்காரனின் தோள்பையில் முப்பது நாற்பது குண்டு இருந்தாலும் கனக்காது. தீர்ந்தால் ஆற்றங்கரையில் பொறுக்கிக்கொள்ளலாம். இங்கிலாந்தின் மெய்டன் காசில் கோட்டையில் மார்ட்டிமர் வீலர் 1930-களில் அகழ்ந்தபோது, கடற்கரையிலிருந்து கொண்டுவந்து குவித்த கூழாங்கற்கள் ஒரே இடத்தில் இருபதாயிரத்துக்கு மேல் இருந்தன. கி.மு. 54-இல் சீசரின் படைமுகாமை முற்றுகையிட்ட நெர்வியப் பழங்குடியினர் களிமண் உருண்டைகளைப் பழுக்கக் காய்ச்சிக் கவணில் எறிந்து கூரைகளைக் கொளுத்தினார்கள். 1536-இல் கூஸ்கோவை மீட்க வந்த இன்காக்களும் சுட்ட கல்லைப் பஞ்சில் சுற்றி எறிந்து அதையே செய்தார்கள். இரு கண்டங்கள், இடையே ஒன்றரை ஆயிரம் ஆண்டுக்கு மேல், ஒரே உத்தி. இன்னொன்று, வில்லுக்கு இரண்டு கையும் வேண்டும். கவணுக்கு வீசும்போது ஒரு கை போதும். மறு கையில் கேடயம் பிடிக்கலாம். டிராஜன் தூணில் செதுக்கிய ரோமக் கவண்காரன் அப்படித்தான் நிற்கிறான், மேலாடையின் மடியில் கற்களோடு.

இவ்வளவு நன்மை இருந்தும் வில்லாளிப் படைகள் ஏன் வரலாற்றை நிரப்பின, கவண் ஏன் எப்போதும் துணைப்படையாகவே நின்றது?

முன்பு தள்ளிவைத்த செலவு இதுதான். கவணில் குறி பார்க்க எந்த அமைப்பும் கிடையாது. கல்லின் போக்கை நிர்ணயிப்பது, விரல் எப்போது விடுகிறது என்பது மட்டுமே. கையும் கயிறும் சேர்ந்த ஆரம் 1.2 மீட்டர், வேகம் நொடிக்கு 40 மீட்டர் என்றால், ஒரு மில்லி நொடியில் கல் ஏறத்தாழ இரண்டு பாகை திரும்பிவிடும். ஐம்பது மீட்டர் தொலைவில் அது ஒன்றரை மீட்டருக்கு மேல் பிசகு. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு! கிடைமட்டமாகச் சுழற்றினால் இந்தப் பிசகு இடம் வலமாக விழும். தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி வீசினால் மேலும் கீழுமாக விழும், அதாவது முன்னே பின்னே. எதிரே வரிசை வரிசையாக ஆட்கள் நின்றால் பின்னதில் முதல் வரிசைக்குத் தப்பிய குண்டு மூன்றாம் வரிசையைப் பிடிக்கும். பாரசீகக் கூட்டத்தின் நெருக்கத்தில் ஒரு குண்டுகூட வீணாகவில்லை என்று செனஃபோன் சொல்வதன் பொருள் இதுதான். கூட்டத்தை அடிப்பது வேறு, ஒருவனை அடிப்பது வேறு.

ஒருவனை அடிக்க மில்லி நொடியைப் பழக்கத்தால் பிடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் பாசறையில் சில மாதங்களில் வராது. மேற்கு மத்தியதரைக் கடலின் பலேரிக் தீவுகளில் தாய்மார்கள் ரொட்டியைக் கோலில் மாட்டி, குழந்தை கவணால் அதை அடிக்கும்வரை சாப்பிடத் தரமாட்டார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதுகிறார். கொஞ்சம் அலங்காரம் இருக்கலாம், உள்ளே இருக்கும் உண்மை தெளிவு. அத்தீவினர் தூரத்துக்கேற்ப நீளம் மாறும் மூன்று கவண்கள் வைத்திருந்தார்கள். ரோமை எதிர்த்த கார்தேஜ் தளபதி ஹனிபால் அவர்களைக் கூலிக்கு அமர்த்தினான். கி.மு. 216-இல் கன்னே போரின் தொடக்கத்திலேயே ரோமக் கான்சல் எமிலியஸ் பவுலஸ் கவண் அடியில் காயப்பட்டதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி கூறுகிறார். கி.மு. 123-இல் அந்தத் தீவுகளைப் பிடிக்கப் போன ரோமத் தளபதி மெட்டெல்லஸ், கவண் கல்லுக்குப் பயந்து கப்பல் தளத்தின்மேல் தோல்களை விரித்துக் கட்டினான். கி.மு. 189-இல் சாமே என்ற கிரேக்க நகரத்தை முற்றுகையிட்டபோது ரோமர்கள் வரவழைத்தது அக்கேயாவைச் சேர்ந்த வெறும் நூறு பேரை. தூரத்தில் வளையம் வைத்து அதன் வழியே எறிந்து சிறு வயது முதல் பழகியவர்கள். எதிரியின் தலையை மட்டுமல்ல, முகத்தில் எந்த இடம் என்று சொல்லி அடிப்பார்களாம். நகரத்தவர் வெளியே பாய்ந்து வருவது அடங்கிப்போனது.

பலேரிக், ரோட்ஸ், அக்கேயா, ஆண்டீஸ் மலை. எங்கும் பெரும்பாலும் ஆடு மேய்த்தவர்களும் பயிர் காத்தவர்களுமாக இருந்திருக்கலாம். பைபிளின் தாவீதும் ஆட்டிடையன். கவண் திறமை அவர்கள் பிழைப்போடு ஒட்டி வளர்ந்தது, அரசன் காசு கொடுத்து உண்டாக்கியது அல்ல. நம் சங்கப் பாடல்களிலும் கவண் பெரிதும் வாழ்வது குறிஞ்சியில், தினைப்புனத்தில் கிளியும் யானையும் விரட்டுபவர்களின் கையில். போர்க்களப் பாடல்களில் வேலும் வாளும் வில்லும்தான் முன்னிற்கின்றன. மந்தையும் புனமும் குறைந்த நாட்டில் கவண்காரன் கிடைக்கமாட்டான். வில்லாளியும் எளிதில் கிடைப்பதில்லைதான். ஞாயிறுதோறும் வில் பழகுங்கள் என்று 1363-இல் இங்கிலாந்து அரசன் மூன்றாம் எட்வர்டு ஆணையிட வேண்டியிருந்தது. இருந்தாலும் அம்பின் நீளத்தை ஒட்டிக் கண்ணை வைத்துக் குறி பார்க்கலாம், தவறு எங்கே என்று ஆசிரியர் காட்டித் தரலாம். குறுக்குவில் வந்ததும் அந்த நீண்ட பழக்கமும் தேவையற்றுப் போனது. சில வாரப் பயிற்சியில் யாரும் எய்யலாம்.

இடமும் ஒரு தடை. வில்லாளிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கலாம். சுழலும் கயிற்றுக்குப் பக்கத்து ஆள் தள்ளி நிற்க வேண்டும். தலையைச் சுற்றி ஒரே சுற்றில் எறியப் பழகுங்கள் என்று வெஜிஷியஸ் சொல்வதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். எத்தனைதான் சுருக்கினாலும், அதே நீளமுள்ள வரிசையில் கவண்காரர் எண்ணிக்கை வில்லாளியைவிடக் குறைவு. குதிரைமேலிருந்து வில் எய்த நாடோடிகள் பேரரசுகளையே கவிழ்த்தார்கள். குதிரைமேல் கவண் அப்படி ஒரு படையாக வளரவே இல்லை. கி.மு. 701-இல் அசீரியர்கள் லாக்கிஷ் கோட்டையைத் தாக்கும் புடைப்புச் சிற்பத்தில் கவண்காரர்கள் வில்லாளிகளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அந்த ஆயுதத்தின் நியாயமான இடம் அதுதான் என்று நினைக்கிறேன். முன்னால் வில், பின்னாலிருந்து தலைகளுக்கு மேலாக மதிலை நோக்கிக் கல்.

முற்றுகையில் கவண் மறையவில்லை, பெரிதானது. நான்கடிக் கோலின் நுனியில் கட்டிய கவண் வந்தது. பிறகு எதிர் எடை தொங்கவிட்ட பெரும் கல்லெறி பொறிகள் வந்தன. அவற்றின் நெடுங்கையின் முனையில் தொங்கியதும் ஒரு கவண்தான், அதே இயற்பியல்தான். கல் உமிழும் கவண் பொறியை மதுரை மதிலின் காவற்பொறிகளுள் ஒன்றாகச் சிலப்பதிகாரமும் சொல்கிறது.

என் தீர்ப்பைக் கேட்டால்: கூட்டமாக நின்று சமவெளியில் மோதும் போருக்கு வில். மலைப்பாதையில், கோட்டை மதிலில், பின்வாங்கும் படையைக் காப்பதில், கவணோடு வளர்ந்தவர்கள் கைவசம் இருந்தால் கவண். இல்லாவிட்டால் அது வெறும் கயிறு.

மயோர்க்காவில் இன்றும் கவண் போட்டி நடக்கிறது. பெருவிலும் பொலிவியாவிலும் மேய்ப்பர்கள் கம்பளிக் கவணோடு மலையேறுகிறார்கள். நீங்களும் ஒன்று பின்னிப் பார்க்க விரும்பினால் கல் வேண்டாம், டென்னிஸ் பந்து போதும். காலி மைதானமாகப் பாருங்கள். முன்னால் மட்டும் ஆளில்லை என்று பார்த்து நிறுத்திவிடாதீர்கள். புதிதாகப் பழகுபவரின் முதல் சில வீச்சுகள் பின்பக்கமும் போகும்.